அக்கி ஆறிய பிறகு கை எழாதது ஏன்?

உடம்பில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. நெருப்புப் பட்டது போல் எரிகிறது. துணி உரசினால்கூடத் துடிக்கிறோம். "இது அக்கிதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அக்கி எழுதுகிறவரிடம் அழைத்துப் போகிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்து விடுகிறது. "அப்பாடா, விட்டது!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

அதோடு எல்லாம் முடிந்து விட்டதா?

பெரும்பாலோருக்கு முடிந்து விடும். ஆனால் சிலருக்கு அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது. தோள் எழாது. தலை வார முடியாது. கையில் பிடித்த டம்ளர் நழுவி விழும். காலில் வந்திருந்தால் படி ஏற முடியாது. முகத்தில் வந்திருந்தால் வாய் ஒரு பக்கம் கோணிவிடும்.

"அக்கிதான் ஆறிவிட்டதே, கை ஏன் எழவில்லை?" என்று குடும்பமே திகைத்து நிற்கும். இது அபூர்வமாக வருவது. ஆனாலும் வருவது. இதைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக நம் புதுவையில் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அக்கி எங்கிருந்து வருகிறது?

அக்கி வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. நம் உடம்புக்குள்ளேயே பதுங்கி இருந்த கிருமிதான் கிளம்பி வருகிறது.

சிறு வயதில் நமக்கு அம்மை வார்த்திருக்கும். வேப்பிலை போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, "அம்மா இறங்கிவிட்டாள்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பின் ஓரத்திலும், மூளையின் அடியிலும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அங்கே போய்ப் படுத்துக் கொள்கிறது. பத்து ஆண்டு, நாற்பது ஆண்டு, அறுபது ஆண்டுகூடத் தூங்கும். வயதானாலோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ விழித்துக் கொள்ளும். ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும். அந்த நரம்பு போகும் வழியெல்லாம் கொப்புளம் கிளம்பும். அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும், பட்டை கட்டியது போல் வருகிறது.

புதுவையில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த நோயை அவர்கள் "ஸோனா" என்பார்கள். கிரேக்க மொழியில் இடுப்புக் கச்சைக்குப் பெயர் அது. ஆங்கிலத்தில் "ஷிங்கில்ஸ்" என்கிறார்கள். அதுவும் கச்சை என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. நாமோ எரிச்சலைப் பார்த்து அக்கி என்றோம். அக்கினி என்ற சொல் அதில் இருக்கிறது. அவர்கள் வடிவத்தைப் பார்த்தார்கள். நாம் வேதனையைப் பார்த்தோம்!

அம்மைக்கும் அக்கிக்கும் உள்ள உறவை உலகம் மெதுவாகத்தான் கண்டுபிடித்தது. அக்கி வந்தவர் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரி நாட்டு டாக்டர் போகாய் கவனித்தார். பிறகு ஹோப்-சிம்சன் என்ற ஆங்கில டாக்டர் வந்தார். அவர் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர் அல்ல. சிரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் சாதாரண நோயாளிகளைப் பார்த்தவர். 16 ஆண்டுகள் தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பொறுமையாகக் குறித்து வைத்தார். "பழைய அம்மைக் கிருமியே விழித்துக்கொண்டு அக்கியாக வருகிறது" என்று 1965-ல் எழுதினார். அது சரி என்று பின்னால் உறுதியாயிற்று.

பக்கத்துக் கம்பிக்கும் தீ பரவினால்...

நம் உடம்பில் இரண்டு வகை நரம்புகள் ஓடுகின்றன. ஒன்று சேதி கொண்டு வரும் நரம்பு. சுடுகிறது, குத்துகிறது, குளிர்கிறது என்று மூளைக்குச் சொல்வது அது. இன்னொன்று கட்டளை கொண்டு போகும் நரம்பு. "கையைத் தூக்கு, காலை மடக்கு" என்று தசைக்குச் சொல்வது அது.

அக்கிக் கிருமி தங்குவது சேதி நரம்பில். ஆகவே எரிச்சலும் வலியும் வருகின்றன. ஆனால் முதுகெலும்பு ஓரத்தில் இரண்டு நரம்புகளும் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. ஒரு மின்சாரக் கம்பி தீப்பிடித்தால் பக்கத்துக் கம்பியும் கருகுவது இல்லையா? அப்படித்தான் சில சமயம் வீக்கம் கட்டளை நரம்புக்கும் தாவுகிறது. கட்டளை போய்ச் சேராத தசை சோர்ந்து விடுகிறது. நாளாக நாளாக மெலிந்தும் போகிறது.

நூறு பேருக்கு அக்கி வந்தால் ஐந்து பேருக்குள்தான் இப்படிக் கை கால் பலவீனம் வருகிறது. கொப்புளம் வந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். கொப்புளம் காயும் சமயமும் அதுதான். அதனால்தான் "ஆறிய பிறகு எப்படி வந்தது?" என்று குழம்பிப் போகிறோம்.

கழுத்திலும் தோளிலும் அக்கி வந்தால் கை எழாமல் போகலாம். இடுப்பிலும் தொடையிலும் வந்தால் கால் மடங்கி விழலாம். வயிற்றில் வந்தால் அந்தப் பக்கத் தசை தளர்ந்து, இருமும்போது பந்து போலப் புடைக்கலாம். பார்த்தவர்கள் "குடல் இறக்கம்" என்பார்கள். ஆனால் அங்கே ஓட்டை எதுவும் இல்லை; தசைதான் அசந்து போயிருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லாமல் பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆகவே, வயிறு புடைத்தது என்று டாக்டரிடம் போகிறவர்கள், "சில வாரம் முன்பு அங்கே அக்கி வந்தது" என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, முகம் ஒரு பக்கம் கோணினால் அதுவும் அக்கியின் வேலையே. 1907-ல் ராம்சே ஹண்ட் என்ற அமெரிக்க டாக்டர் இதை விளக்கினார். பிட்டத்திலும் அடிப்பகுதியிலும் அக்கி வந்தால் சிறுநீர் கட்டிக் கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு இதை மறைக்கக் கூடாது. மிக அபூர்வமாக, கழுத்து அக்கியால் மூச்சுத் தசையே சோர்ந்து மூச்சு வாங்குவதும் உண்டு.

சிங்கம் வரைந்தால் போதாதா?

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம்.

நம் பக்கத்தில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவது வழக்கம். புதுவை நகருக்குள்ளேயே குயவர்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மண்ணையும் நெருப்பையும் ஆளத் தெரிந்த கை என்பதால், உடம்பு நெருப்பையும் அந்தக் கை அடக்கும் என்று மக்கள் நம்பினார்கள். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். இதற்கு "அக்கி எழுதுதல்" என்று பெயர். பலர் இதற்குக் கூலி பேசுவதும் இல்லை. கொடுத்ததை வாங்கிக் கொள்வார்கள்.

இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. ஏழைக்குப் பக்கத்தில் டாக்டர் இல்லாத காலத்தில் ஆறுதல் சொன்ன கை அது. ஈர மண் பட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். "எழுதியாயிற்று, சரியாகிவிடும்" என்ற வார்த்தை மனத்துக்குத் தெம்பு தரும்.

"எங்கள் ஆயாவுக்கு எழுதினோம். சரியாகிவிட்டதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலோருக்குக் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் தோலில் வரைந்த சிங்கம் நரம்புக்குள் இருக்கும் கிருமியை எட்டாது. கண்ணுக்குத் தெரியும் புண் ஆறுகிறது. கண்ணுக்குத் தெரியாத நரம்பு உள்ளே கருகிக் கொண்டிருக்கலாம்.

எழுதிக் கொள்வதால் வரும் பெரிய நஷ்டம் மண்ணால் அல்ல. நாளால்! "மூன்று நாள் எழுதிப் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி" என்கிறோமே, அந்த மூன்று நாள்தான் மருந்துக்கு உரிய மூன்று நாள்.

மூன்று நாள் கணக்கு

அக்கிக் கிருமியை அடக்க மாத்திரை இருக்கிறது. அசைக்ளோவிர் என்று பெயர். இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவர் வழியில் வேறு சில மாத்திரைகளும் பின்னால் வந்தன.

கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், இந்த மருந்தை ஆரம்பிக்க வேண்டும். கிருமி பெருகும் காலம் அதுதான். அடுப்பில் இருக்கும் பால் பொங்கும் முன் இறக்க வேண்டும். பொங்கிக் கொட்டிய பிறகு இறக்கி என்ன பயன்?

முகம் கோணிய நோயாளிகள் 80 பேரைப் பற்றி ஜப்பானில் ஆராய்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் வீதம் முழுக் குணம் அடைந்தார்கள். ஏழு நாள் கழித்து ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் வீதம்தான் முழுக் குணம் அடைந்தார்கள். மருந்து ஒன்றேதான். நாள்தான் வேறு!

மாத்திரை போட்டால் பலவீனம் வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கிருமியின் கையைக் கட்டிப் போட இதைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை. மூன்று நாள் தாண்டிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. புதிய கொப்புளம் வந்து கொண்டிருந்தாலும், கண்ணிலோ முகத்திலோ வந்தாலும், கை கால் சோர்ந்தாலும் டாக்டர்கள் அப்போதும் மருந்து தருவார்கள்.

கடையில் களிம்பு வாங்கித் தடவினால் போதாது. மாத்திரையை நீங்களே வாங்கிப் போடுவதும் தவறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும். அசைக்ளோவிர் மாத்திரையை வழக்கமாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் போடச் சொல்வார்கள். எரிச்சல் குறைந்ததும் நான்காம் நாளே நிறுத்திவிடக் கூடாது.

புதுவைக்கு ஏன் அதிகக் கவலை?

அக்கி யாரைத் தேடி வருகிறது? ஐம்பது வயது கடந்தவர்களை. சர்க்கரை நோயாளிகளை. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களை. எச்.ஐ.வி. உள்ளவர்களை. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாடு முழுவதும் சர்க்கரை நோயைப் பற்றிக் கணக்கெடுத்தது. முடிவு 2023-ல் வெளியாயிற்று. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை. புதுவையில் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 26.3 பேர்! கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர்.

நம் தெருவில் வரிசையாக நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் ஒருவருக்குச் சர்க்கரை என்று அர்த்தம். அக்கி அவருக்கு எளிதில் வரும், ஆறவும் நாளாகும். மூடிப்போன பஞ்சாலைகளில் உழைத்து ஓய்ந்தவர்கள், கடற்கரைக் குப்பங்களில் கூடை சுமக்கும் பெண்கள், பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். இவர்களுக்குக் கைதான் சொத்து. மீன்கூடையைத் தலைக்குத் தூக்க முடியாத ஆயா நாளைக்கு எதை விற்றுச் சோறு பொங்குவாள்? அவளுக்கு ஒரு வருஷம் கை எழாமல் போனால், அது அந்தக் குடும்பத்துக்கே வந்த நோய்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஒரு நாள் கூலியையும் ஒரு வருஷக் கூலியையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

அதிலும் புதுவைக்காரருக்கு ஆஸ்பத்திரி தூரம் இல்லை. 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். அதன் வழியில் வந்ததே இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். நகருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. இருநூறு ஆண்டு மருத்துவப் படிப்பு உள்ள ஊரில் ஒருவர் அறியாமையால் கையை இழக்கலாமா?

வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம்

அக்கி வந்தவரைத் தினமும் காலையில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். படிப்பு தேவையில்லை. பத்து நிமிஷம் போதும். ஒரு மாதம் வரை இதைச் செய்யுங்கள்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை பின்தங்குகிறதா?

உங்கள் விரலை இரண்டு கையாலும் இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பிடி தளர்கிறதா?

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். கால் நடுங்குகிறதா?

கண்ணை இறுக மூடி, கன்னத்தை உப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் காற்றுப் போகிறதா?

இருமச் சொல்லுங்கள். வயிறு ஒரு பக்கம் புடைக்கிறதா?

சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள்.

இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். "வலியால்தான் தூக்க முடியவில்லை" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மூக்கு நுனியிலோ கண் ஓரத்திலோ கொப்புளம் வந்தால் சோதனையே வேண்டாம். உடனே கிளம்புங்கள். பார்வையே போகும் அபாயம் உண்டு. திடீரென்று கை கால் விழுந்து, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கு நாள் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு.

கை சோர்ந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். இப்படிப் பலவீனம் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஓரிரு ஆண்டில் பலம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆனால் அதுவரை கையை மடக்கிக் கட்டி வைத்தால் தோள் மூட்டு இறுகிவிடும். நரம்பு திரும்பி வந்தாலும் மூட்டு அசையாது. பிஸியோதெரபி நிபுணர் சொல்லிக் கொடுத்தபடி வீட்டில் ஒருவர் தினமும் அந்தக் கையை மெல்ல அசைத்துவிட வேண்டும். பேரன், பேத்தி செய்யக்கூடிய வேலைதான் இது. ஆயாவுக்கு அதுவே பாதி மருந்து!

இரண்டு பயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அக்கி உடம்பைச் சுற்றி வளைத்து இரண்டு முனையும் சேர்ந்தால் உயிர் போய்விடும்" என்பது வீண் பயம். "அக்கி ஒட்டிக்கொள்ளும்" என்பதில் பாதிதான் உண்மை. அக்கி அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், முன்பு அம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே கைக்குழந்தையும், அம்மை வராத கர்ப்பிணியும் கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். கொப்புளத்தைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும்.

அக்கி வராமல் தடுக்க ஊசியும் வந்திருக்கிறது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இரண்டு தவணை. 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஆனால் விலையைக் கேட்டால் ஏழைக்குத் தலை சுற்றும். அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை. சர்க்கரை நோய் இவ்வளவு மலிந்த புதுவையில், சர்க்கரை உள்ள ஏழை முதியவர்களுக்காவது இதை இலவசமாகப் போட அரசு யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எழுதும் கையே வழி காட்டட்டும்!

அக்கி எழுதக் கூடாது என்று சட்டம் போட்டால் மக்கள் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியதும் இல்லை. எழுதுகிறவரையே நம் பக்கம் சேர்த்துக் கொள்ள வேண்டும். அக்கி வந்தவரை முதல் நாளே பார்க்கிறவர் அவர்தானே? டாக்டரைவிட அவருக்குத்தான் அந்த வாய்ப்பு. சுகாதாரத் துறையினர் அவர்கள் வீட்டுக்கே போய், மரியாதையாக உட்கார்ந்து பேச வேண்டும்.

"அய்யா, நீங்கள் எழுதுங்கள். கண்ணிலும் உடைந்த புண்ணிலும் மட்டும் மண் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எழுதி முடித்ததும், 'இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கு' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

டாக்டர் நூறு முறை சொன்னாலும் கேட்காத கிழவி, எழுதும் அய்யா ஒரு முறை சொன்னால் கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பலம்!

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அக்கி மாத்திரை தீராமல் இருக்க வேண்டும். ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கிக்கு மூன்று நாள். இதை மட்டும் மறக்காதீர்கள். சிங்கம் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. முதல் கொப்புளத்தைப் பார்த்த அன்றே டாக்டரையும் பார்த்துவிடுங்கள்!